மேலகரத்துச் சேலைகள்

எனக்கு ஊசியைப் பார்த்தால்தான் பயம். துணியைப் பார்த்தும் பயப்பட வேண்டும் என்பது அந்தச் சாரல் காலம் வரைக்கும் எனக்குத் தெரியாது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். தென்காசியில் ஒரு வளவில், வரிசையாக இருந்த வீடுகளில் கடைசி வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். ஒரு அறை, ஒரு அடுப்படி, பின்னால் மதில் வைத்த சின்ன முற்றம். அதற்கு முன்னால் கொல்லத்தில் இருந்தோம். அதற்கு முன்னால் புனலூர், அதற்கும் முன்னால் தூத்துக்குடி. நான் ஓரிடத்தில் கால் தரிக்கிற ஆளில்லை. நாலாம் வகுப்பில் பாதியில் எழுந்து போனவன், அப்படியே போய்க்கொண்டிருந்தேன். தூத்துக்குடியில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் சாக்கு தைத்தேன். கோணி ஊசி பிடித்த கை, புனலூரில் ஒரு தையல்காரரிடம் சின்ன ஊசி பிடிக்கப் பழகியது. மெஷினில் என்னை அவர் உட்கார விடவில்லை. காஜா எடுப்பது, பொத்தான் கட்டுவது, ஓரம் மடித்துத் தைப்பது, அவ்வளவுதான். அது போதுமென்று அங்கிருந்தும் கிளம்பிவிட்டேன்.

தென்காசியில் வந்து நின்றதற்குக் காரணம் என் மனைவி. சாரல் தொடங்கினால் குற்றாலத்துக்கு வெளியூர்க்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்து பங்களா எடுத்துத் தங்குவார்கள். அவர்களுக்குச் சமைத்துப்போட ஆள் வேண்டும். அவள் கை மணக்கும். விடியும் முன்னே நடந்து போய், விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வருவாள். எனக்கு அப்போது வேலை கிடையாது. அதனால் பிள்ளைகள் என் பொறுப்பு. மூத்தவளுக்கு ஐந்து வயது. சின்னவனுக்கு இரண்டாவது வயது ஓடிக்கொண்டிருந்தது.

வளவுக் கிணற்றில் தண்ணீர் இறைக்கப் போனால் எதிர்வீட்டுப் பெரியவர் சும்மா விடமாட்டார்.

“என்னவே, தொட்டில ஆட்டியாச்சா? உலை வச்சாச்சா?”

“வச்சாச்சு அண்ணாச்சி. உங்க வீட்டுக்கும் சேத்து வைக்கட்டுமா?”

“வையும், வையும். உம்ம கைச்சோறு தின்னா எனக்கும் சேலை கட்டத் தோணும்.”

கிணற்றடியில் எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு வருவேன். சாக்கு தைத்த இடத்தில் இதைவிட மோசமாகக் கேட்டிருக்கிறேன்.

வீட்டில் இருந்தபடியே நான் தைக்க ஆரம்பித்தேன். யுத்தத்தால் புதுத்துணி கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்ட காலம். இருக்கிற துணியை ஒட்டுப்போட்டு உடுத்தினார்கள். ஒட்டும் தாங்காமல் போனால் என்னிடம் வந்தது. பழைய சேலைகளை நாலைந்து அடுக்காக விரிப்பேன். ஒரு அடுக்கின் கிழிசலுக்கு நேரே அடுத்த அடுக்கின் கிழிசல் வராமல் பார்த்துக்கொள்வேன். மேலே நல்ல இடங்களாகப் பார்த்துச் சதுரம் சதுரமாக வெட்டி வைத்து, நெருக்க நெருக்க ஓட்டுத் தையல் போட்டால் ஒரு விரிப்பு ஆகிவிடும். சாரலுக்குப் போர்த்திக்கொள்ளவும் ஆகும். மிஞ்சுகிற துண்டு எனக்கு. அதில் என் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்வேன்.

அதிகம் கேட்டு வந்தது பிள்ளை பிறக்கப்போகிற வீடுகளிலிருந்துதான். பிறந்த பிள்ளையைப் புதுத்துணியில் கிடத்துவதில்லை. நோய்நொடி இல்லாமல் வாழ்கிறவர்கள் உடுத்தி, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணியில்தான் கிடத்துவார்கள். அந்த ஆயுசு பிள்ளைக்கும் ஒட்டும் என்பார்கள். துணியில் ஆயுசு ஒட்டும் என்று நம்புகிறவர்கள், வேறு என்னவெல்லாம் ஒட்டும் என்று அப்போது யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

என் யோசனை முழுக்க ஊசிமேல்தான். சின்னவன் தரையில் கிடந்தது எதுவானாலும் வாயில் போடுவான். புனலூரில் ஒரு பிள்ளை ஊசியை விழுங்கிச் செத்ததை நான் பார்த்திருக்கிறேன். அதனால் ஒரு வழி செய்திருந்தேன். அவன் அரைஞாண் கயிற்றில் துணிக்கயிறு ஒன்றைக் கட்டி, மறுநுனியை என் வலதுகால் பெருவிரலில் முடிந்துகொள்வேன். நான் சுவரோரம் உட்கார்ந்து தைப்பேன். அவன் அறைக்கு அந்தப் பக்கம் விளையாடுவான். கயிறு இழுபட்டுக்கொண்டே இருந்தால் அவன் தூரத்தில் இருக்கிறான், நல்லபடியாக இருக்கிறான். கயிறு தொய்ந்தால் என் பக்கம் வருகிறான், ஊசியை மேலே தூக்கிவிட வேண்டும். கண் தையலில் இருந்தாலும் விரல் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும். நாள் முழுக்க இழுத்து இழுத்து அந்த விரலில் ஒரு தழும்பே விழுந்துவிட்டது.

மேலகரத்திலிருந்து ஒரு மோர்க்காரி தினமும் காலையில் தென்காசிக்கு வருவாள். தலையில் மோர்ப்பானை, அதன்மேல் ஊர்ச்செய்தி. அவள்தான் ஒருநாள் பானையோடு ஒரு துணிமூட்டையும் கொண்டுவந்து இறக்கினாள்.

“தம்பி, எங்க ஊர்ல பெரிய வீட்டு மருமவளுக்கு ரெண்டாம் பேறு. தலைச்சன் ஆம்பளப் பிள்ளை, ஓடியாடித் திரியுதான். மாமியாக்காரி சேலையா குடுத்துவிட்டிருக்காவ. வெரசா தச்சுக் குடுக்கச் சொன்னாவ. இந்த மாசத்துலயே இருக்கும்னு மருத்துவச்சி சொல்லுதா.”

“மருமவ எந்த ஊரு?”

“சுந்தரபாண்டியபுரம். முதப் பேறு அங்கன. இது இங்கன.”

மூட்டையைப் பிரித்தேன். நல்ல சேலைகள். இரண்டு அரக்கு, ஒன்று மஞ்சள், ஒன்று பச்சைக்கரை போட்ட வெள்ளை. பச்சைக்கரை மட்டும் துவைக்காமல் சுருட்டி வைத்ததுபோல ஈரவாடை அடித்தது. சாரல் நேரத்தில் எந்தத் துணிதான் காய்கிறது என்று நினைத்து, கொடியில் உதறிப் போட்டுவிட்டுத் தைக்க உட்கார்ந்தேன்.

பச்சைக்கரையின் அழகு என் கையைச் சும்மா இருக்க விடவில்லை. விரிப்புக்கு வேண்டிய அளவு போக மிஞ்சியதைத் தனியே வெட்டினேன். மூத்தவளுக்கு ஒரு குட்டி விரிப்பும், பச்சைக்கரையையே சேலையாகக் கட்டிய ஒரு துணிப்பொம்மையும் செய்தேன். அடுப்புக்கரியால் கண் வைத்தேன். சின்னவனுக்குக் காதை மூடுகிற குல்லா. அவள் அன்றைக்கே குட்டி விரிப்பை விரித்துப் பொம்மையைப் பக்கத்தில் கிடத்திப் படுத்துக்கொண்டாள்.

“இது யாருக்குப்பா?”

“உனக்குத்தாண்டி.”

“திருப்பிக் கேக்கமாட்டீங்கள்ல?”

கேட்கமாட்டேன் என்று சொன்னேன்.

இரண்டொரு நாள் கழித்து மோர்க்காரி வாசலில் நின்று குரல் கொடுத்தாள். மூட்டை கொண்டுவந்த அன்று போல அவள் உள்ளே வரவில்லை. நான் ஊசிக்காதில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். சாரல் வெளிச்சத்தில் ஊசிக்காது தெரியாமல் பாடாய்ப் படுத்தியது. தலை நிமிரவில்லை.

“தம்பி, மேலகரத்துல அந்த வீட்டுல அம்மா வந்திருக்கா. இப்பம் யாரும் வாசப்பக்கம் வரண்டாம்னு சொல்லுதாவ. தைக்கிறத அப்பறமா வாங்கிக்கிடுவாவளாம்.”

பேறுகாலத்துக்கு மகளைப் பார்த்துக்கொள்ள அம்மாக்காரி வந்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

“வந்துட்டாளா? நல்லதாப் போச்சு. இனி அந்த வீட்டுல ரெண்டு பேரும் முடியப் பிடிச்சு இழுக்கட்டும். யாரு செயிக்கான்னு நீ வந்து சொல்லு.”

படபடவென்று இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொள்கிற சத்தம் கேட்டது. நிமிர்ந்தபோது மோர்க்காரி பானையைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். சம்பந்தக்காரிகள் சண்டையைப் பற்றிச் சொன்னதற்கு இவள் ஏன் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாக்காரியே வந்துவிட்டதால் பேறு நெருங்கிவிட்டதென்று வேகமாகத் தைத்தேன். மடியில் அந்த விரிப்பு, காலில் கயிறு, கயிற்றின் நுனியில் குல்லா போட்ட பிள்ளை.

சாயங்காலம் மனைவி நனைந்துகொண்டு வந்தாள். முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தவளிடம் இதை வேடிக்கைபோலச் சொன்னேன். அவள் பிழிவதை நிறுத்தினாள்.

“எந்த அம்மா?”

“அவ அம்மாதான். சுந்தரபாண்டியபுரத்துல இருந்து வந்திருப்பா.”

“அவளுக்கு ஏது அம்மா? அவ கைப்பிள்ளையா இருக்கையிலயே போயிட்டா. எங்கூட பங்களாவுல வேலை பாக்குறவ அந்த ஊர்க்காரிதான். சித்திக்காரி வளத்த கதையெல்லாம் சொல்லியிருக்கா.”

நான் ஊசியை விரிப்பிலேயே குத்தி வைத்தேன்.

“மோர்க்காரி எப்படிச் சொன்னா? கும்பிட்டுக்கிட்டுச் சொன்னாளா?”

“பாக்கல. நூல் கோத்துட்டு இருந்தேன். கன்னத்துல போட்டுக்கிட்டா.”

“நீங்க என்ன சொன்னிய?”

முடியைப் பிடித்து இழுக்கட்டும் என்று நான் சொன்னதை அவளிடம் திருப்பிச் சொல்ல நாக்கு எழவில்லை. ஆனாலும் சொன்னேன். அவள் நின்ற இடத்திலேயே ஈரச்சேலையோடு உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நோயின் பேரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அம்மா வந்திருக்கா, அம்மா இறங்கியிருக்கா, முத்துப் போட்டிருக்கா என்பார்கள். நோய் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். அவள் வந்திருக்கிற வீட்டில் தாளிக்க மாட்டார்கள், உரலில் இடிக்க மாட்டார்கள், ஊசி எடுக்க மாட்டார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாததில்லை. என் கூடப்பிறந்த தங்கையை அவள் எடுத்துக்கொண்டபோது எனக்கு எட்டு வயது. முகம் தெரியாதபடி முத்து. தண்ணீர் கேட்ட குரல் மட்டும் அவளுடையதாக இருந்தது. அதைப் பார்த்தவன்தான், பேறுகால வீடு என்ற ஒரே நினைப்பில், அம்மா என்றதும் பெற்றவளை நினைத்துவிட்டேன்.

அறையில் இருந்த துணிகள் எல்லாம் திடீரென்று என்னைப் பார்ப்பதுபோல் இருந்தன. மடியில் இருந்ததைத் தள்ளினேன். சின்னவன் தலையிலிருந்து குல்லாவைப் பிடுங்கினேன். அவன் அழுதான். மூத்தவள் குட்டி விரிப்பில் உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா அதை உருவினபோது, “திருப்பிக் கேக்கமாட்டேன்னு அப்பா சொன்னாவ” என்றாள்.

அந்த வீட்டில் யாருக்கு வந்திருக்கிறது, எப்போது வந்தது, இந்தச் சேலைகள் அதற்கு முந்தியா பிந்தியா, ஒன்றும் தெரியவில்லை. போய்க் கேட்கவும் முடியாது. வெளியாள் அந்த வாசலை மிதிக்கக்கூடாது. ஆள் விட்டுக் கேட்டாலும், தீட்டுத்துணியையா கொடுத்தீர்கள் என்று கேட்பதுபோல ஆகும். நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

“காலையில கொல்லத்து வண்டியப் பிடிச்சிருவோம்.”

“எதுக்கு?”

“இங்க இருக்கண்டாம்.”

“உங்களுக்கு எதுன்னாலும் வண்டிதான். அது இங்க வந்திருந்தா, நம்ம கூட டிக்கட் எடுக்காம அதுவும்லா வரும்.”

அதுவரை என் வாழ்க்கையில் எந்தச் சங்கடம் வந்தாலும் ஒரு ரயில் இருந்தது. அன்றைக்கு எந்த ரயிலும் இல்லை என்பது எனக்குப் புரிந்தது. அந்தப் பயத்தை எப்படிச் சொல்வது? கிணற்றுக்குள் இருக்கிறவனுக்குத்தான் தெரியும்.

துணிகளைக் கொளுத்திவிடலாம் என்றேன். அம்மா இறங்கின துணியை நெருப்பில் போடக்கூடாது என்றாள் மனைவி. அண்டாவில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு, விரிப்பு, குட்டி விரிப்பு, குல்லா, வெட்டாமல் இருந்த துண்டு எல்லாவற்றையும் முக்கி எடுத்தாள். அரக்குச் சாயம் இறங்கி மஞ்சளெல்லாம் ரத்தநிறம் ஆனது. முற்றத்து மதிலில் போட்டோம். விடாத சாரல், துணி காயவே இல்லை. நாலைந்து நாளும் அது அங்கேயே தொங்கியது. அடுப்படிக் கதவைத் திறந்தால் யாரோ மதிலோரம் முதுகைக் காட்டி நிற்பதுபோல இருக்கும். நான் அந்தக் கதவைத் திறப்பதையே விட்டுவிட்டேன்.

மூத்தவளுக்குத் தூத்துக்குடியில் இருந்தபோதே அம்மை குத்தியிருந்தது. கையில் இரண்டு வட்டத் தழும்பு உண்டு. சின்னவனுக்குக் குத்தவில்லை. நாங்கள் ஊர் மாறிக்கொண்டே இருந்ததில், குத்துகிறவர் வந்த ஊரில் நாங்கள் இல்லை. நாங்கள் இருந்த ஊருக்கு அவர் வரவில்லை. சீசன் கூட்டத்துக்காகக் குற்றாலத்தில் ஒரு சத்திரத்து முகப்பில் ஒருவர் உட்கார்ந்து குத்திக்கொண்டிருப்பதை மனைவி பார்த்திருந்தாள். அவள் அதைச் சொல்லவில்லை. நான்தான் கேட்டு வாங்கினேன்.

“வந்த அம்மாவ ஊசி வச்சுக் குத்தப் போறியளா?”

“வந்திருக்கான்னு யாரு சொன்னா? வர்றதுக்கு முன்னாலதான் குத்தணும்.”

“நீங்க சொன்ன பேச்சுக்கு ஏற்கெனவே என்ன நினைச்சிருக்காளோ. இதுல இதுவேற.”

“நான் பேசினதுக்கு என்னை எடுத்துக்கிடட்டும். அவன விடட்டும்.”

விடிந்ததும் அவள் வேலைக்குக் கிளம்பினாள். மூத்தவளை எதிர்வீட்டில் விடப் பயந்து அவளையும் கூட்டிக்கொண்டு, சின்னவனைத் தோளில் போட்டுக்கொண்டு நான் பின்னாலேயே போனேன். மனைவி முன்னால் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. வழியில் மேலகரம் வந்தது. பெரிய வீட்டுத் தெருமுனையில் புதிதாக வேப்பங்குழை கட்டியிருந்தது. அவள் நின்று கும்பிட்டாள். நான் பிள்ளையின் முகத்தை என் கழுத்தோடு அழுத்திக்கொண்டு, மூச்சை அடக்கியபடி கடந்தேன். மூச்சை அடக்கினால் என்ன பிரயோசனம்? ஆனாலும் அடக்கினேன்.

குத்துகிறவர் ஒல்லியான மனிதர். மூக்குப்பொடி போடுகிறவர். பக்கத்தில் அருவிச் சத்தம் இரைந்ததால் கத்திக் கத்திப் பேசினார்.

“எங்கேருந்து வாறீரு?”

சொன்னேன். மேலகரத்துத் துணியைப் பற்றியும் சொன்னேன். அவர் கையிலிருந்த பொடியைப் போடாமல் அப்படியே வைத்துக்கொண்டார்.

“துணி வந்து எத்தனை நாளாச்சு?”

“மூணு, நாலு இருக்கும்.”

“முன்னமே வந்திருக்கலாம். சரி, குத்தத்தான் வேணும். பிள்ளையப் பிடிச்சுக்கிடும்.”

ஊசியோடு வாழ்ந்த எனக்கு, பிள்ளையின் கையை அந்த ஊசிக்கு நேராக நீட்ட முடியவில்லை. வேலைக்குப் போகாமல் சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்த மனைவி வந்தாள். பிள்ளையை வாங்கி மடியில் இறுக்கிக்கொண்டு, அவன் கையைப் பிடித்து நீட்டினாள். கண்ணை மூடிக்கொண்டாள். வாய்க்குள் யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிள்ளை வீரிட்டது அருவிச் சத்தத்தில் பாதிதான் கேட்டது.

“கேட்டுக்கிடும்,” என்றார் அவர். “ஒரு வாரம் போலப் போனா காய்ச்சல் வரும். கையில குத்தின இடம் மட்டும் கொப்புளம் போட்டா, அது நான் குத்தினது. மேலெல்லாம் போட்டா, அது என்னுது இல்ல. எதுன்னாலும் அதுவரைக்கும் வேற பிள்ளையளோட விடாதேரும்.”

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வேலையும் ஓடவில்லை. மனைவி பங்களாவுக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள். கேட்டவர்களிடம் இடுப்புவலி என்று சொல்லச் சொன்னாள். அம்மா வந்தாளோ இல்லையோ, வந்த வீடு போலவே இருந்துகொண்டோம். தாளிப்பது இல்லை. புளித்தண்ணியும் வெறுஞ்சோறும். ஊசியை ஒரு டப்பாவில் போட்டு உத்தரத்தில் செருகினேன். கை சும்மா இருந்ததில்லை. இப்போது என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆனால் கயிற்றை மட்டும் விடவில்லை. ஊசி இல்லாதபோதும் அவன் அரைஞாணில் கட்டி என் விரலில் முடிந்துகொண்டு சுவரோரம் உட்கார்ந்திருப்பேன். அவன் இழுப்பான். வலிக்கும். வலித்தால் நிம்மதியாக இருக்கும்.

ஒருநாள் காலையில் கயிறு இழுபடவில்லை.

முதலில் எனக்கு அது தெரியவில்லை. கிணற்றடியில் பெரியவர் யாரையோ வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்ததைக் கேட்டபடி இருந்தேன். பிறகுதான் விரல் சும்மா கிடப்பது உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். சின்னவன் அறைக்கு நடுவில் உட்கார்ந்து, கையில் ஒன்றும் இல்லாமல், ஒன்றையும் பார்க்காமல் இருந்தான். தூக்கினேன். வயிறு அடுப்புக்கல் மாதிரி சுட்டது.

அவனைத் தொட்டிலில் போட்டேன். போடும்போது கைக்கு ஏதோ தட்டுப்பட்டது. தொட்டில் துணியின் மடிப்பில், அவன் தலை வைக்கிற இடத்தில், பச்சைக்கரைச் சேலை கட்டிய பொம்மை இருந்தது. வேப்பிலைத் தண்ணீரில் அதைப் போடவே இல்லை. இத்தனை நாளும் யாருக்கும் அதன் நினைப்பே வரவில்லை.

“ஏட்டி, இது எப்படி இங்க வந்திச்சு?”

மூத்தவள் என் முகத்தைப் பார்த்துப் பயந்து சுவரோடு ஒண்டினாள்.

“நான் ஒளிச்சு வச்சிருந்தேன். நீங்க எல்லாத்தையும் பிடுங்கினியள்லா. தம்பிக்குக் குத்தினது வலிச்சு அழுதான். அதான் குடுத்தேன். தினமும் குடுத்தேன்.”

தினமும். என் கையால் தைத்து, என் கையால் கண் வைத்த பொம்மை. அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? மனைவி அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள். பொம்மையைக் குச்சியால் எடுத்துக்கொண்டு போய் முற்றத்தில் வேப்பிலைக்குள் வைத்துவிட்டு வந்தாள்.

அன்றும் மறுநாளும் அவன் உடம்பு முழுவதையும் நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். சாரல் வெளிச்சம் போதாதென்று வாசலில் தூக்கிவைத்துப் பார்ப்போம். வளவில் யாராவது வந்தால் உள்ளே கொண்டுபோவோம். கன்னம், நெற்றி, உள்ளங்கை, உள்ளங்கால். ஒரு கொசு கடித்த தடம் இருந்தது. அதை இருவரும் பார்த்தோம். அது பெரிதாகிறதா என்று ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். கையில் குத்தின இரண்டு இடமும் சுற்றிலும் சிவந்து, நீர் கோத்து, நடுவில் குழி விழுந்து நின்றன. அக்குள் வீங்கியிருந்தது. அவன் தண்ணீர் கேட்டான். அந்தக் குரலைக் கேட்டதும் நான் எழுந்து வெளியே போய்விட்டேன். வளவைத் தாண்டி, தெருவைத் தாண்டி, ஸ்டேஷன் போகிற பாதைவரைக்கும் கால் தானாகப் போயிற்று. அங்கே நின்றேன். பிறகு விரலைப் பார்த்தேன். அவசரத்தில் கயிற்றை அவிழ்க்காமல் அறுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அரைமுழம் விரலிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தேன்.

காய்ச்சல் இறங்கினது எனக்கு முதலில் தெரியவில்லை. மனைவிதான் சொன்னாள், “வேர்க்குது” என்று. அம்மா முத்துப் போடுவதற்கு முன்னாலும் காய்ச்சல் இறங்கும் என்று இருவருக்கும் தெரியும். அதனால் சந்தோஷப்படப் பயந்தோம். அடுத்த நாளும் பார்த்தோம். அதற்கடுத்த நாளும். கொசுக்கடி மறைந்தது. கையில் இருந்த இரண்டு மட்டும் கருத்துப் பொருக்குத் தட்டத் தொடங்கின. மேலே எங்கும் இல்லை. ஆனாலும் மனைவி தாளிக்கவில்லை. நானும் ஊசி டப்பாவை இறக்கவில்லை. முடிந்தது என்று சொல்வதற்கு எங்களுக்குத் தைரியம் இல்லை.

ஆடி முடிகிற சமயம் மேலகரத்து மாமியார் தானே வந்தாள். நான் அவளை முன்னால் பார்த்ததில்லை. உயரமான அம்மாள், நெற்றி நிறைய மஞ்சள். கூட மோர்க்காரி. இந்தமுறை இருவரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.

“பேரனுக்குத்தான் அம்மா வந்தா. தலைக்கு மூணு தண்ணியும் ஊத்தி வழியனுப்பியாச்சு. உசிரக் குடுத்துட்டு மொகத்தக் கொஞ்சம் எடுத்துக்கிட்டா. மருமவளுக்குப் பொண்ணு பிறந்திருக்கு. பக்கத்து வீட்டுலதான் பிறந்திச்சு, ரெண்டு பேரும் சொகம். அதான் விரிப்ப வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

“சாயம் போயிட்டுது அம்மா. கொதிக்க வச்சுட்டோம்.”

“ஏன், எதுக்குக் கொதிக்க வைக்கணும்? நல்ல சேலைதான குடுத்தேன்,” என்றாள். பிறகு அவளே கொஞ்சம் யோசித்து, சாதாரணமாகச் சொன்னாள். “ஆனா அதுல பச்சைக்கரை ஒண்ணு கிடந்துச்சுல்லா, அது அவன் படுத்துக் கிடந்தது. காய்ச்சல் அடிக்கி, துவண்டு கிடக்கான், சாரல் காய்ச்சல்னு நினைச்சேன். மூட்டை கட்டையில அவசரத்துல அதையும் உருவிப் போட்டுட்டேன். முத்து மறுநாளுதான் தெரிஞ்சுது.”

மோர்க்காரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இந்தமுறை நான் பார்த்தேன்.

சின்னவன் என் இடுப்பில் இருந்தான். என் கை அவன் தோளுக்கு அடியில் போய், பொருக்கு இருந்த இடத்தைத் தேடித் தொட்டது. ஒன்று உதிர்ந்துவிட்டிருந்தது. இன்னொன்று இருந்தது. விரலை அதன்மேலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு அரித்ததோ என்னவோ, நெளிந்தான்.

“அந்த விரிப்பத் தரமாட்டேன் அம்மா,” என்றேன். “பிள்ளைக்கு நான் வேற தச்சுத் தாரேன்.”

“வேற துணிக்கு எங்க போவீரு? கடையில வரிசையில நிக்கப் போறீரா?”

“என் வேட்டி இருக்கு. துவைச்சு வெயில் காட்டினது.”

“ஆம்பள வேட்டியிலயா பொம்பளப் பிள்ளையக் கிடத்த? நல்ல கூத்து,” என்றாள் அவள். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. போகும்போது சின்னவன் கன்னத்தைத் தொடக் கையை நீட்டினாள். நான் ஒரு அடி பின்னால் போனேன். அவள் கையை மடக்கிக்கொண்டாள். கோபப்படவில்லை.

அவர்கள் போனபிறகு உத்தரத்திலிருந்து டப்பாவை இறக்கினேன். ஊசிகள் ஈரத்தில் துருவேறியிருந்தன. சின்னவனை இறக்கிவிட்டு, வழக்கம்போலக் கயிற்றை விரலில் முடிந்துகொண்டு, ஒன்றை எடுத்துச் செங்கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தேன். மனைவி அவ்வளவு நேரமும் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், அடுப்படிக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் சட்டியில் எண்ணெய் காய்கிற வாடை வந்தது. பிறகு கடுகு வெடித்தது. அத்தனை நாளும் கேட்காத சத்தம். நான் சட்டென்று நிமிர்ந்தேன். மூத்தவள் அடுப்படிக்கு ஓடினாள். சின்னவனும் அவள் பின்னாலேயே ஓடினான். என் கால் பெருவிரலில் கயிறு வெடுக்கென்று இழுத்தது.